பதினெட்டாம் வரியில் வந்த மச்சினன்

எங்கள் ஊரில் ஒரு டி-சர்ட் அச்சாகிவிட்டால் அதைப் போட்டுக்கொள்ள ஓர் ஆள் வந்துவிடுவார். அதனால் எண்ணிக்கை விஷயத்தில் நாங்கள் கவனமாக இருப்போம். முப்பது பேர் இருக்கிற இடத்தில் முப்பத்தொன்று அடித்துவிட்டால், டி-சர்ட் கைக்கு வந்த மறுநாள் காலையில் முப்பத்தொன்றாவது ஆள் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நிற்பார். குறைவாக அடித்தால் ஆள் குறைவதில்லை. கோபம்தான் கூடும்.

டி-சர்ட்டை டஜன் கணக்கில் வாங்குகிற பழக்கத்தால் எங்கள் ஊர்க் கிரிக்கெட் அணிகள் எல்லாவற்றிலும் பன்னிரண்டு பேர் உண்டு. பன்னிரண்டாவது ஆட்டக்காரர்கள் பொதுவாக நன்றாகப் பந்து வீசுவார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நானூற்று எண்பத்தாறு என்று சொல்ல வாய் வலித்த தலைமையாசிரியர் ஐந்நூறு என்று சொல்லிவிட்டார். பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் வங்கிக் கிளையின் மேலாளர். தலைமையாசிரியர் நல்ல பிரிண்டாகப் போட்டிருந்தார்.

அது முக்கியம். டி-சர்ட்டோடு வந்தவர் அதன் பிரிண்ட் இருக்கும்வரைதான் இருப்பார். எங்கள் பக்கம் வரன் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பிறந்தவரா அச்சானவரா என்று கேட்பார்கள். அச்சானவர் என்றால் ஸ்க்ரீன் பிரிண்டா ஸ்டிக்கரா என்று அடுத்த கேள்வி வரும். ஸ்டிக்கர் என்றால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரே ஆர்டரில் அத்தனை தப்பையும் செய்தேன்.

சித்திரையில் குடும்பத்தோடு வால்பாறை போவதாக ஏற்பாடு. என் வீட்டார் பதினைந்து பேர், என் மனைவி கோகிலவாணியின் வீட்டார் பதினைந்து பேர், ஒரு பஸ். எல்லோரும் ஒரே மாதிரி டி-சர்ட் போட வேண்டும் என்று என் தங்கை சொன்னாள். முன்னால் ஒரு மலைப்படமும் ‘கல்லாங்காட்டுக் குடும்பம்’ என்ற எழுத்தும், பின்னால் அவரவர் பெயரும். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். நான் பூபதி அண்ணனின் அச்சுக்கடைக்குப் போனது புதன்கிழமை.

பூபதி அண்ணன் நாட்காட்டியைப் பார்த்தார். "மூணு நாள்ல ஸ்க்ரீன் போட முடியாதுங்க லோகு. ஸ்டிக்கர்தான் ஒட்டித் தர முடியும்."

"ஏதோ ஒண்ணு பண்ணிக் குடுங்கண்ணா. ஒரு நாள் போடறதுக்குத்தானே."

"அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றாங்க," என்றார்.

கடையிலேயே உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை எழுதினேன். முதலில் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டுக்கொண்டு, பிறகு பெயர்களை எழுதினேன். பதினாறு, என் மாமனார் வெங்கிடுசாமி. பதினேழு, என் மாமியார் ராஜாமணி. அந்த நேரத்தில் டீ வந்தது. டீ கிளாஸைப் பட்டியலின் மேலேயே வைத்தேன். எடுத்தபோது பதினெட்டாம் எண்ணுக்கு நேராக ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. ஈரத்தில் பேனா எழுதவில்லை. சரி என்று பத்தொன்பதிலிருந்து எழுதிக்கொண்டு போனேன். கடைசிப் பெயருக்கு எண் இல்லாமல் போகவே முப்பத்தொன்று என்று நானே போட்டுக்கொண்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்தேன். அளவுகோலில் டீ சிந்தியிருந்தது.

மலைப்படத்துக்கு என் தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கொடுத்தேன். அது அவளுக்கு யாரோ அனுப்பியது, அவருக்கும் யாரோ அனுப்பியது. சுருங்காத துணி வேண்டுமா என்று பூபதி அண்ணன் கேட்டார். சும்மா துணி போதும் என்றேன். அடிப்பதற்கு முன்னால் டிசைனை ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லி போனுக்கு அனுப்பினார். நான் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால், திறந்து பார்க்காமலே கட்டை விரல் படத்தைத் தட்டிவிட்டேன்.

பதினெட்டாம் வரி காலியாக இருந்தால் கடையின் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மாதிரி டிசைனில் எப்போதும் இருக்கிற பெயரையும் அளவையும் அப்படியே விட்டுவிடும். அந்தப் பெயர் சம்பத்குமார். அளவு எல்.

சனிக்கிழமை விடியற்காலையில் பஸ்ஸுக்காக வாசலில் நின்றபோது, வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், பஸ்ஸு வந்துருச்சுங்களா?"

வாணி சோற்று மூட்டையோடு வெளியே வந்தாள். அவனைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

"சம்பத்து, ஸ்வெட்டர் எடுத்துட்டியா? அங்க குளிருமாமா," என்றாள்.

எங்கள் ஊரில் டி-சர்ட்டோடு வருகிறவரின் உறவுமுறையைப் பட்டியலில் அவர் இருக்கிற இடம்தான் முடிவு செய்யும். மாமனாருக்கும் மாமியாருக்கும் அடுத்த வரியில் இருந்ததால் அவன் அவர்களுடைய மகன். வாணிக்கு இரண்டு வயது இளைய தம்பி. மாமியார் பஸ்ஸில் ஏறியதும் அவனை அருகில் உட்கார வைத்து, "இவன் பொறந்த வருசம் நல்ல மழை மாப்பிள்ளை, கெணறு வழிஞ்சுது," என்று என்னிடம் சொன்னார். மாமனார் அவன் ஆறாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க்குக்காக அப்போதே திட்ட ஆரம்பித்தார். முப்பது இருக்கை உள்ள பஸ் ஆகையால் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு, வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவையும் அவன்தான் எண்ணிச் சொன்னான். குறை என்று சொன்னால் ஒன்றுதான். வாட்ஸ்அப் படம் ஆகையால் பக்கத்தில் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக இருக்கும். நாலடி தள்ளி நின்றால் தெளிவாக இருப்பான்.

இங்கே வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒற்றைப் பெண். எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் உடன்பிறந்தான் நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய பெரியப்பா மகன் தங்கவேல் நின்றார், செல்போனில் யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டே. அதை மனதில் வைத்துக்கொண்டு அவள் எங்கள் மகள் தர்ஷிகாவுக்கு மூன்று வயதாகியும் காது குத்தாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். தங்கவேலின் மடி வேண்டாம் என்பது அவள் முடிவு.

அவளுக்கே அவள் அம்மா வழியில் மாமன் கிடையாது. ராஜாமணி அத்தையோடு பிறந்தவர்கள் மூன்று பேரும் பெண்கள். வாணிக்குக் காது குத்தியபோது பக்கத்துத் தோட்டக்காரரை மடிக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் பாதியில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். வாணியின் இடது காதுத் துளை இன்றைக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வால்பாறையிலிருந்து திரும்பிய மறுநாளே வாணி நாள் பார்த்துவிட்டு வந்தாள். வைகாசி இருபத்தேழு, குலதெய்வம் கோயில், மொட்டையும் காதுகுத்தும். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கொத்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு, சின்ன வயதில் யார் யாரைக் கிணற்றில் தள்ளினார்கள் என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சம்பத்துக்கு அந்த டி-சர்ட் ரொம்பப் பிடிக்கும். தினமும் போடுவான். தினமும் போட்டால் துவைக்க வேண்டும். சும்மா துணி ஆகையால் முதல் துவைப்பிலேயே அது எம் ஆனது. அவனும் எம் ஆனான்.

"மச்சான், பேன்ட் லூசாகுதுங்க," என்றான். பெல்ட்டில் ஒரு துளை போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது துவைப்புக்குப் பிறகு நான் அதை இஸ்திரி போட்டேன். இஸ்திரி போடும்போது டி-சர்ட்டை உள்புறம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். நான் நேராக, பிரிண்டின் மேலேயே தேய்த்தேன். மலையின் உச்சி இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வாணி ஏதோ பேச்சில் சம்பத்திடம், "நாம ரெண்டு பேரும் டீச்சரோட குடையைத் தொலைச்சமே, அதாட்ட," என்றாள்.

"எந்த டீச்சருங்க்கா?"

வாணி அவனைப் பார்த்தாள். பிறகு டி-சர்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த டி-சர்ட்டை மெஷினில் போடவில்லை. வாணியே குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பிழியாமல், நிழலில் காயப்போட்டாள். ஆனால் ஒரு தடவை உரிய ஆரம்பித்த ஸ்டிக்கர் நிற்காது. ஒவ்வொரு சில்லாக உதிர்ந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு வருடம் போயிற்று. முதலில் ஆரம்பப் பள்ளி, பிறகு ஆறாம் வகுப்புக் கணக்கு. மாமனார் திட்டுவதற்கு விஷயமில்லாமல் தவித்தார். வைகாசி பத்தாம் தேதிக்குள் மலை முழுவதும் போய், ‘குடும்பம்’ என்ற சொல்லில் பாதியும் முதுகில் பெயரும்தான் மிச்சம். காதுகுத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. வாணி வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். என்னால்தான் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை போகாமல் பத்து நாள் முன்னால் போயிருந்தால் இதெல்லாம் இல்லை. பதறிய காரியம் சிதறும் என்பதை டி-சர்ட்டைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

டி-சர்ட்டை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, வாணியும் நானும் பூபதி அண்ணனிடம் போனோம். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வாரம் தாங்கும். துவைக்காம இருந்தா மூணு."

"இதே பேருல, இதே சைஸுல புதுசா ஒண்ணு அடிச்சா அவனே இருப்பானுங்களாண்ணா?" என்று வாணி கேட்டாள்.

"பேரும் சைஸும் ஒண்ணுன்னா அதே ஆளுதானுங்க அம்மிணி. அதுல சந்தேகமே வேண்டாம்."

"அப்ப ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"மெஷின்ல ஒத்தைப் பீஸ் அடிக்கலாமுங்க. முப்பது துவைப்புக்கு வரும்."

வாணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். காதுகுத்துக்கு மாமன் வேண்டும். மகள் பெரியவளானால் பச்சை ஓலைக் குடிசை கட்ட மாமன் வேண்டும். கல்யாணத்தில் மாமன் வேண்டும். முப்பது துவைப்பு எந்த மூலைக்கு?

"ஆயுசுக்கும் இருக்கற மாதிரி வேணுமுங்கண்ணா."

"அப்ப ஸ்க்ரீன்தான். துணி கிழிஞ்சாலும் பிரிண்டு போகாது. ஆனா ஸ்க்ரீன்ல ஒத்தைப் பீஸ் அடிக்க மாட்டோமுங்க. கொறஞ்சது ஒரு செட்டு."

"ஒரு செட்டுன்னா?"

"பன்னெண்டு. சைஸுக்கு ஒண்ணு."

கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பூபதி அண்ணன் இருமிவிட்டு, "வீட்ல எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் வாணியைப் பார்த்தேன். அவள் எங்கள் மாடி அறையையும், வராந்தாவையும், மாமனாரின் தோட்டத்துச் சாளை வீட்டையும் கண்ணுக்குள் கொண்டுவந்து பாய் விரித்துப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"ஏனுங்க, பன்னெண்டு பேருக்கு இட்லின்னா எத்தனை ஈடு ஆகும்?"

"நாலு ஈடு ஆகும்," என்றேன்.

"நாலுதானே," என்றாள்.

இந்த முறை நான் எதையும் அவசரத்துக்கு விடவில்லை. துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்து, சுருங்காத ரகம்தானா என்று ஒரு துண்டை வெந்நீரில் ஊறப்போட்டு அளந்தேன். நிறத்தைப் போனில் பார்த்து முடிவு செய்யவில்லை. துணியோடு தெருவுக்குப் போய் வெயிலில் பார்த்தேன். போனில் மெரூன் என்று தெரிந்தது வெயிலில் செங்கல்லாக இருந்தது. வேறு எடுத்தோம். மலை வேண்டாம் என்று சொல்லி, முன்பக்கம் ‘தர்ஷிகாவின் தாய்மாமன்’ என்று எழுத்து மட்டும் போடச் சொன்னேன். அதையும் முழு அளவில் காகிதத்தில் எடுத்துவந்து சம்பத்தின் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். தொப்பைக்குப் போகாமல், கழுத்துக்கும் ஏறாமல், நாலு விரல் இறக்கி நிற்க வைத்தேன். அவன் அசையாமல் நின்றான். அதற்குள் அவனுக்கு அதிகம் நினைவில்லை. என்னைக் காட்டி, "அக்கா, இவரு யாருங்க?" என்று கேட்டான்.

"உன்ற மச்சான்டா."

"அப்படீங்களா. வணக்கமுங்க," என்று எனக்குக் கை கூப்பினான்.

நானும் வணக்கம் சொன்னேன்.

பெயர்ப் பட்டியலை வாணி எழுதினாள். ஒரு வரியும் காலியாக இருக்கக் கூடாது, பக்கத்தில் டீ வரக் கூடாது என்று இரண்டு விதிகள் வைத்தேன். எல் அளவுக்கு நேராகச் சம்பத்குமார் என்று எழுதினாள். மற்ற பதினொன்றுக்கு அவள் யோசிக்கவே இல்லை. பீரோவிலிருந்து மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். தம்பி பிறந்தால் வைக்கலாம் என்று அவள் எட்டு வயதில் எழுதி வைத்திருந்த பெயர்கள் அதில் இருந்தன. தனபால், ரகுராம், ஹரிகிருஷ்ணன், விஜயராகவன் என்று பத்துப் பெயர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது. அந்த நோட்டு இருப்பது எனக்குத் தெரியாது. பதினோராவது இடத்தில் பெயர் இல்லாமல் ‘குட்டித் தம்பி’ என்று மட்டும் எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தாள். காலியாக விடுவதற்கு அதுவே மேல் என்று அதையே எழுதச் சொன்னேன்.

பெயர்களை இருமுறை படித்துப் பார்த்தேன். நிறம், துணி, எழுத்தின் உயரம், தேதி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அளவு என்ற கட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. செட் என்றால் அளவு தானாக வரும் என்று பூபதி அண்ணன் சொல்லியிருந்தார்.

வைகாசி இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் டி-சர்ட்டுகள் வந்தன. அன்றைக்குப் பழைய டி-சர்ட்டில் நெஞ்சில் ஒன்றும் இல்லை. முதுகில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. சம்பத் வாணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றதெல்லாம் போன பிறகும் அது போகவில்லை. வாணி கட்டைப் பிரித்து எல் அளவை எடுத்து அவன் தலை வழியாக மாட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். தோள் அகன்றது. பேன்ட் சரியாக நின்றது. முகத்தில் இருந்த கட்டமெல்லாம் போய், பக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தான். மோவாயில் ஒரு மச்சம் இருந்தது.

"மச்சம் இருக்குதுன்னு நான் சொல்லிட்டேதானே இருந்தேன்," என்றார் என் மாமியார்.

சம்பத் என்னைப் பார்த்து, "மச்சான், பிரிண்டு மேல இஸ்திரி போடாதீங்கன்னு யாராச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்றான். பிறகு வாணியிடம் திரும்பி, "டீச்சர் கொடையத் தொலைச்சது நீதானுங்க்கா, நானில்லை," என்றான். வாணி அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை மற்றவர்களும் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அளவுப்படி வரிசையாக நின்றார்கள். எங்கள் ஊரில் வயது அளவோடு போகும். நாலு எக்ஸ்எல் அளவில் வந்த தனபால்தான் மூத்தவர். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார். அவர் வந்ததும் அதுவரை அக்காவாக மட்டும் இருந்த வாணி தங்கச்சியும் ஆனாள். "அம்மிணி, எளச்சுப் போயிட்டியே," என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எளைக்கவெல்லாம் இல்லை. ஆனால் அண்ணன் சொன்னால் எளைத்ததுதான். மாமனார் பன்னிரண்டு பேரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் வரை விஷயம் இருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

பன்னிரண்டாவது ஆள் பல் துலக்கவில்லை. அவனுக்குப் பல் இல்லை. செட்டின் கடைசி அளவு ஆறு மாதக் குழந்தைக்கானது என்பதை நான் அப்போதுதான் பட்டியலில் பார்த்தேன். குட்டித் தம்பி தனபாலின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் டி-சர்ட்டிலும் ‘தர்ஷிகாவின் தாய்மாமன்’ என்று இருந்தது. எழுத்து பெரிதாகையால் முதுகு வரை சுற்றிக்கொண்டு போயிற்று. மாமியார் அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இவனைப் பெத்தப்பத்தான் எனக்கு ரொம்ப முடியாமப் போச்சு," என்றார்.

இருபத்தேழாம் தேதி கோயிலுக்குப் பன்னிரண்டு சீர்த்தட்டு போயிற்று. தட்டும் அளவுப்படிதான். தனபாலின் தட்டை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. குட்டித் தம்பி ஒரு வாழைப்பழத்தைப் பிடித்திருந்தான். தங்கவேல் அண்ணனும் வந்திருந்தார். அன்றைக்கு அவர் போன் பேசவில்லை. பேச இடமில்லை.

யார் மடியில் வைத்துக் குத்துவது என்று பேச்சு வந்தது. மூத்தவர் மடி என்றார் மாமனார். தர்ஷிகா தனபாலின் மீசையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நேராக நடந்துபோய்ச் சம்பத்தின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிறகு கையை நீட்டிக் குட்டித் தம்பியைக் கேட்டாள். மாமியார் அவனைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். காது குத்த வந்திருந்த ஆசாரி மூன்று பேரையும் பார்த்தார். முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

முதல் காது குத்தியபோது தர்ஷிகா அழவில்லை. மடியில் இருந்த குட்டி மாமன் பயந்துவிடுவான் என்று அவன் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது காது குத்தியபோது சம்பத் அழுதான். துளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. வாணி குனிந்து அந்தக் காதைப் பார்த்தாள், இந்தக் காதைப் பார்த்தாள், மறுபடியும் அந்தக் காதைப் பார்த்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே குட்டித் தம்பியைக் காட்டினார்.

"இந்தக் கண்ணுக்கும் இன்னும் குத்தலியாட்ட இருக்குது. இன்னைக்கே முடிச்சறலாமுங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது வெறுமையாகத்தான் இருந்தது.

"இவனுக்குத் தாய்மாமன் யாருங்க?" என்று ஆசாரி கேட்டார்.

ராஜாமணி அத்தை வாணியின் இடது காதைப் பார்த்தார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு மெல்ல என்னைப் பார்த்தார். நான் கோயில் மணியின் சத்தத்திலிருந்து ஒதுங்கிப் போய்ப் பூபதி அண்ணனுக்குப் போன் செய்து, இன்னொரு தாய்மாமன் வேண்டும் என்றேன்.

"ஒரு செட்டுத்தானுங்க," என்றார் அவர். "எப்ப வேணும்?"

"அவசரமில்லீங்கண்ணா. பத்து நாள் எடுத்துக்கங்க. ஸ்க்ரீனே போட்டுருங்க."

"கலரு?"

போனைக் கையால் மூடிக்கொண்டு, பின்னாலேயே வந்திருந்த அத்தையிடம் கலர் என்ன என்று கேட்டேன்.

அவர் குட்டித் தம்பியை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்கண்ணனுக்கு மாம்பழக் கலருன்னா உசுருங்க மாப்பிள்ளை," என்றார்.